லாரி ரேடியேட்டரில் எண்ணெய் கலந்துவிட்டதா? வேலூர்ப் பக்கத்து லாரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடந்த சித்திரைக் கடைசியில் ராணிப்பேட்டையிலிருந்து ஓசூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நெருங்கும்போது வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கின் மூடியைத் திறந்தேன். பச்சையாகத் தெளிந்து நிற்க வேண்டிய இடத்தில், ஆறிப்போன பால் காபியின் நிறத்தில் ஆடை படர்ந்த குழம்பு ஒன்று நின்றது. விரலில் தொட்டால் வழுக்கியது, தண்ணீரில் கழுவினால் போகவில்லை.

அன்றிலிருந்து வண்டி மீண்டும் சாலையில் ஏற 19 நாட்கள் ஆயின. முதல் 13 நாட்கள் முழுக்க வீண். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன், செலவும் செய்தேன், கழுவிய மறுநாளே எண்ணெய் திரும்ப வந்து நின்றது. பிறகு சேண்பாக்கம் பக்கம் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு பெரியவர் சரியான வழியைச் சொன்னார். அதன்படி செய்தபோது ஆறே நாளில் வேலை முடிந்தது. முதல் லாரி வாங்கி, கடன் தவணையும் கட்டிக்கொண்டு, பட்டறை வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவருக்கு அந்த 13 நாட்களாவது மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்

'ஆம்பூர் வரை மெதுவாகப் போய்விடலாம்' என்று நினைக்காதீர்கள். எண்ணெய் கலந்த கூலன்ட் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. ரேடியேட்டரின் நுண்குழாய்களின் உட்புறத்தில் படலமாக ஒட்டிக்கொண்டு ஓட்டத்தையும் குறைக்கும். நம் பக்கத்துக் கோடையில், 40 டிகிரி வெயிலில், சுமையோடு பத்து கிலோமீட்டர் ஓட்டினாலே சிலிண்டர் ஹெட் வளைந்துவிடக்கூடும். சில ஆயிரங்களில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போய்விடும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பாயும். மேல் ஹோஸ் பைப்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். சூடில்லாமல், அழுத்தினால் எளிதாக அமுங்குகிறது என்றால் மட்டுமே மூடியில் கை வையுங்கள். அதுவும் தடித்த துணியைப் போட்டு, கால் திருகு திருகி நிறுத்தி, காற்று வெளியேறிய பிறகுதான் முழுவதும் திறக்க வேண்டும்.

அடுத்து டிப் ஸ்டிக்கை, அதாவது எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியை, உருவிப் பாருங்கள். எஞ்சின் ஆயில் வழக்கமான கறுப்பாக இருந்தால், எண்ணெய் தண்ணீருக்குள் போயிருக்கிறது, தண்ணீர் எண்ணெய்க்குள் வரவில்லை என்று தற்காலிகமாக நினைத்துக்கொள்ளலாம். ஆயில் வெளுத்து மோர் போலவோ, அளவு கூடியோ இருந்தால் எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பேரிங்குகள் போய்விடும்.

சந்தேகமாக இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டறையில் ஒரு பழைய இரும்புத் தோசைக்கல்லை நன்றாகச் சூடாக்கி, டிப் ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டு ஆயிலை அதன்மேல் விடுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கடுகு தாளிப்பதுபோலப் படபடவென்று வெடிக்கும். சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

2. சரக்கும் காகிதங்களும்

இந்தப் பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நானும் மறந்தேன். வண்டியில் சரக்கு இருந்தால் முதல் வேலை இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணு ஜி.எஸ்.டி. சீட்டு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். ராணிப்பேட்டையிலிருந்து ஓசூர் என்றால் ஒரே நாள். அதற்குள் சேர முடியாது என்று தெரிந்தால், காலாவதி நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து 8 மணி நேரம் பின்புவரை நீட்டிக்கலாம், அதற்கு மேல் வழியில்லை. சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், அது நகர்வதற்கு முன்பே பகுதி 'பி'யில் புதிய வண்டியின் எண்ணை ஏற்றியாக வேண்டும். உங்களால் செய்ய முடியாவிட்டால் சரக்கு அனுப்பியவருக்கோ டிரான்ஸ்போர்ட் அலுவலகத்துக்கோ உடனே போன் செய்யுங்கள். பழைய எண்ணோடு சரக்கு வேறு வண்டியில் பிடிபட்டால் பழுதுச் செலவை மிஞ்சும் அபராதம் வரும்.

காப்பீட்டை எதிர்பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். சாதாரண மோட்டார் பாலிசி விபத்துக்கானது, இயந்திரப் பழுதுக்கு அது பணம் தராது. நான் இரண்டு நாள் அதற்காக அலைந்தேன். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும், வெளியாள் கையில் ஸ்பேனரைக் கொடுக்காமல் கம்பெனி சர்வீஸுக்குத் தெரிவியுங்கள். இதுவரை ஆயிலும் கூலன்ட்டும் மாற்றிய பில்களை எடுத்து வையுங்கள், முதலில் கேட்பது அவற்றைத்தான்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் பாருங்கள். எட்டு வயதுக்கு உட்பட்ட லாரிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும்போது எஃப்.சி. முடிந்தால், சோதனை ஓட்டத்துக்குக்கூட நெடுஞ்சாலையில் ஏற்ற முடியாது.

3. கழுவுவதற்கு முன் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நான் மூன்று முறை கழுவினேன். மூன்று முறையும் மறுநாள் காலையில் டேங்கில் அதே பழுப்பு ஆடை. பெரியவரிடம் போய் நின்றபோது அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. "தம்பி, கசிவு எங்கே என்று பார்த்தாயா?" என்றார். "பட்டறையில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள் பாய், அதனால் முதலில் சுத்தம் செய்துவிட்டு..." என்று இழுத்தேன். "கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் எப்போது காயும்?" என்றார்.

எண்ணெய் கூலன்ட்டுக்குள் வர வழிகள் சிலவே.

முதலாவது ஆயில் கூலர். பெரும்பாலும் குற்றவாளி இதுதான். சூடான எஞ்சின் ஆயில் ஒரு பக்கமும் கூலன்ட் மறுபக்கமும் ஓட, இடையே மெல்லிய உலோகத் தகடுகள் மட்டும் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ வரை இருக்கும், கூலன்ட்டின் அழுத்தமோ ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆகவே தகட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் எண்ணெய்தான் தண்ணீருக்குள் பாயும். டிப் ஸ்டிக் சுத்தமாக இருக்க, டேங்க் மட்டும் நாறிப்போவது இதனால்தான். ஆனால் எஞ்சினை நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் இறங்கிவிடும், கூலன்ட்டின் அழுத்தம் சற்று நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் எதிர்த்திசையில் போகலாம். ஆகவே இன்று சுத்தமாக இருக்கும் டிப் ஸ்டிக் நாளையும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கூலரைக் கழற்றி, ஒரு பக்கத் துளைகளை அடைத்து, மறுபக்கம் காற்று அழுத்தம் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்க வேண்டும். என் கூலரைப் பச்சைத் தண்ணீரில் முக்கியபோது ஒன்றும் தெரியவில்லை. பெரியவர் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். கை பொறுக்காத சூட்டில் முக்கி ஐந்து நிமிடம் வைத்திருந்தோம். மூன்றாவது தகட்டின் ஓரத்திலிருந்து கடுகளவு குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, நூல் கோத்ததுபோல மேலே வந்தன. சூட்டில்தான் விரிசல் வாய் திறக்கிறது. பச்சைத் தண்ணீரில் பார்த்துவிட்டு 'கூலர் நன்றாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். எனக்கு முதல் பட்டறையில் அப்படித்தான் சொல்லப்பட்டது, ஒரு வாரம் போனது.

இரண்டாவது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) அல்லது ஹெட்டில் விரிசல். எஞ்சின் ஓடும்போது டேங்கில் தொடர்ந்து குமிழிகள் வந்தால் சந்தேகப்படுங்கள். கூலன்ட்டில் எஞ்சின் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் குழாய் சில பட்டறைகளில் இருக்கிறது. அதிலுள்ள நீல நிறத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் சிலிண்டரிலிருந்து புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்று பொருள்.

மூன்றாவதாக, ஏர் பிரேக்குக்குக் காற்றை அழுத்தி நிரப்பும் கம்ப்ரஸர். லாரிகளில் இது எஞ்சின் ஆயிலால் உயவூட்டப்பட்டு கூலன்ட்டால் குளிர்விக்கப்படுவதால், அதன் ஹெட் கேஸ்கெட் போனால் காற்றும் எண்ணெய்ப் பிசுக்கும் கூலன்ட்டில் சேரும். குமிழி வருவதைப் பார்த்தவுடன் எஞ்சின் ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். ஏர் டேங்க் நிரம்பி கம்ப்ரஸர் அழுத்தம் ஏற்றுவதை நிறுத்தியவுடன் குமிழியும் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை.

டேங்கில் மிதப்பது ஆயிலாக இல்லாமல் டீசல் வாசனை அடித்தால் கதை வேறு. பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள செம்புக் குழல் கசிந்திருக்கலாம். அதற்கு வேறு மெக்கானிக் தேவை.

4. எதைக் கொண்டு கழுவக் கூடாது

டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் இவற்றை ஊற்றிக் கழுவச் சொல்பவர்கள் நம் சாலை நெடுக இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். எண்ணெயை அவை கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கூலன்ட் ஓடும் ரப்பர் எல்லாம் எண்ணெய்க்கு ஆகாத வகை ரப்பர். நான் 15 லிட்டர் டீசல் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டினேன். இரண்டு நாளில் கீழ் ஹோஸ் பைப் ஊறி, கிளிப்பைச் சுற்றிப் பிதுங்கியது. கழற்றிக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தால், உள்சுவர் கூழாகி, நகத்தால் கீறினால் பாலாடைபோலச் சுருண்டு வந்தது. அந்த ஹோஸ் நெடுஞ்சாலையில் வெடித்திருந்தால் எஞ்சின் அங்கேயே முடிந்திருக்கும். தீப்பிடிக்கும் அபாயம் தனி.

காஸ்டிக் சோடாவும் ஆசிட்டும் அலுமினியத்தை அரிக்கும். இன்றைய எஞ்சின்களில் கூலன்ட் தொடும் இடங்களில் அலுமினியம் நிறைய.

கையால் பாத்திரம் துலக்கும் சோப்பும் துணி சோப்புத் தூளும் நுரைக்கும். எஞ்சினுக்குள் நுரை என்றால் காற்று. வாட்டர் பம்ப் தண்ணீருக்குப் பதிலாக நுரையைச் சுழற்றும், எஞ்சின் சூடாகும், நுரை டேங்கின் வாய் வழியே பொங்கி வழியும். அதைக் கழுவி எடுக்க இன்னொரு நாள் ஆகும்.

5. முதல் வடிப்பு

ஓட்டை அடைபட்ட பிறகுதான் இங்கே வர வேண்டும். புதிய ஆயில் கூலர் பொருத்தி, புதிய கேஸ்கெட்டும் ஓ ரிங்குகளும் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

ரேடியேட்டரின் கீழ்க்குழாயை மட்டும் கழற்றினால் எல்லாம் வடியாது. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் தனியாக ஒரு டிரெயின் பிளக் இருக்கும், அதையும் திறக்க வேண்டும். துரு ஏறி இறுகியிருக்கும் என்பதால் பல பட்டறைகளில் அதைத் தொடமாட்டார்கள். பக்கத்தில் நின்று திறக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் மொத்தக் கொள்ளளவு 22 லிட்டர். ரேடியேட்டர் வழியே மட்டும் வடித்தபோது 14 லிட்டர்தான் வந்தது, மிச்ச எட்டும் கசடாக உள்ளேயே கிடந்தது.

வடிந்ததைத் தரையில் விடாதீர்கள், டிரம்மில் பிடியுங்கள். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாயும் மாடும் நக்கிக் குடித்துச் சாகும். டிரம்மை ஓர் இரவு விட்டால் எண்ணெய் பெரும்பாலும் மேலே மிதக்கும், அதை அள்ளித் தனியாக வையுங்கள். பயன்படுத்திய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்குள் வருவது, அதை அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். அடியில் நிற்கும் கூலன்ட் தண்ணீரையும் அவரிடமே ஒப்படையுங்கள். பாலாற்றுக்கும் ஏரிக் கால்வாய்களுக்கும் நாம் செய்தது போதும்.

6. ரேடியேட்டரையும் டேங்கையும் தனியாகக் கொடுங்கள்

வண்டியிலேயே வைத்துக் கழுவினால் ரேடியேட்டர் முழுதாகச் சுத்தமாகாது. கழற்றி ரேடியேட்டர் கடையில் கொடுங்கள். பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல்தொட்டியின் ஈயப்பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு எடுப்பார்கள். ஒரு நாள் வேலை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புதிய வகையில் அது எளிதல்ல, வெந்நீரும் கிளீனரும் விட்டுக் கீழிருந்து மேலாக எதிர்த்திசையில் அலச வேண்டும். அதிலும் போகாவிட்டால் புதிதுதான்.

பிளாஸ்டிக் கூலன்ட் டேங்கின் உள்ளே தடுப்புச் சுவர்கள் இருக்கும், அவற்றின் பின்னால் கசடு ஒளிந்துகொள்ளும். எவ்வளவு கழுவியும் உட்புறம் மஞ்சளாகவே இருந்தால் டேங்கை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் புதிய கூலன்ட் ஊற்றிய பிறகு மேலே வருவது பழைய கறையா புதிய கசிவா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

7. எஞ்சினைக் கழுவும் முறை

இதில் மூன்று விஷயங்கள் வேண்டும்: சரியான மருந்து, சூடு, பொறுமை.

மருந்து: டீசல் எஞ்சின் கூலிங் சிஸ்டத்துக்கென்றே எண்ணெய் நீக்கும் கிளீனர் கேன்களில் கிடைக்கிறது. துருவும் உப்பும் நீக்குவது வேறு, எண்ணெய் நீக்குவது வேறு. கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். 22 லிட்டருக்கு எனக்கு ஒரு முறைக்கு 2 லிட்டர் தேவைப்பட்டது. கிடைக்காவிட்டால், பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூள் உதவும், அது நுரைக்காது. 22 லிட்டருக்கு அரை கிலோ, வெந்நீரில் முழுவதும் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். ஆனால் அது காரத்தன்மை உடையது. வேலை முடிந்ததும் உடனே வடித்துவிட வேண்டும், இரவு முழுக்க ஊற விடக் கூடாது. எதைப் பயன்படுத்தினாலும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்: கூலன்ட் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு இது. கழுவும்போது இது மூடிக்கொண்டால் கிளீனர் எல்லா இடத்துக்கும் போகாது. எனவே கழற்றிவிடுகிறோம். ஆனால் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றிக்கொண்டே இருக்கும். அத்தகைய எஞ்சினில் பழைய தெர்மோஸ்டாட்டைத் திறந்த நிலையில் கம்பி வைத்து நிறுத்திப் பொருத்த வேண்டும். எது உங்கள் வண்டி என்று மெக்கானிக்கிடம் முதலிலேயே கேளுங்கள்.

சூடு: தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் சூடே ஏறாது. 85 டிகிரியாவது வராவிட்டால் எண்ணெய் உலோகத்தை விட்டுப் பிரியாது. ரேடியேட்டரின் முன்னால் அட்டைப் பெட்டியைப் பிரித்துச் செருகி, காற்றை மறையுங்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டே அட்டையை ஏற்றி இறக்கலாம். அந்தச் சூட்டில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். கேபினில் ஹீட்டர் இருந்தால் அதன் வால்வை முழுவதும் திறந்து வையுங்கள், மறந்தால் அதனுள் தங்கிய எண்ணெய் பிறகு மெதுவாகக் கசிந்து வந்துகொண்டே இருக்கும்.

வடிப்பது: சூடு தணிவதற்குள் வடித்துவிட வேண்டும். ஆறவிட்டால் பிரிந்த எண்ணெய் மறுபடி சுவரில் ஒட்டும். கை சுடாமல் நீண்ட குழாய் பொருத்தி வடியுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளாக்கோ ஹெட்டோ விரிசல் விடும். வடித்த பிறகு எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கும் அளவு ஆறிய பிறகே அடுத்த நீரை ஊற்ற வேண்டும். அதற்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே ஒரு சுற்றுக்கு நான்கு மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, மிஞ்சிப்போனால் மூன்று. 'சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன்' என்று சொல்பவர் இந்த ஆறும் நேரத்தைக் கொடுக்கப் போவதில்லை.

என் வண்டிக்கு: வெறும் தண்ணீரில் ஒரு சுற்று, கிளீனரில் இரண்டு சுற்று, மறுபடி வெறும் தண்ணீரில் மூன்று சுற்று. எப்போது நிறுத்துவது? ஒவ்வொரு வடிப்பிலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து, வெள்ளைக் காகிதத்தின் முன்னால் அரை மணி நேரம் வையுங்கள். மேலே வானவில் நிறப் படலம் தெரிந்தால் இன்னும் எண்ணெய் இருக்கிறது. குலுக்கினால் நுரை நின்றால் இன்னும் கிளீனர் இருக்கிறது. இரண்டும் இல்லாமல் தம்ளர் தெளிந்து நின்றால் போதும். நான் ஆறு தம்ளர்களையும் பட்டறைத் திண்ணையில் வரிசையாக வைத்திருந்தேன். முதலாவது காபி, மூன்றாவது மங்கிய மோர், ஆறாவது குடிநீர்போல இருந்தது.

8. ரப்பர் எல்லாவற்றையும் மாற்றுங்கள்

எல்லா ஹோஸ் பைப்புகள், கிளிப்புகள், தெர்மோஸ்டாட்டும் அதன் ரப்பரும், டேங்க் மூடி. ஹோஸ் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், எண்ணெயில் ஊறியது உள்ளிருந்துதான் கெடும். மூடியின் ரப்பர் ஊதிவிட்டால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரம் தெரிந்தால் பம்ப்பையும் இப்போதே பாருங்கள்.

டிப் ஸ்டிக் சுத்தமாகவே இருந்தாலும் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் புதிய ஆயில் ஊற்றி 20 நிமிடம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

9. கூலன்ட் ஊற்றுவதில் இரண்டு பொறிகள்

முதல் பொறி, நம் ஊர்த் தண்ணீர். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் எப்படிப்பட்டது என்று வீட்டு வாளியின் விளிம்பில் படியும் வெள்ளை உப்பே சொல்லும். அதே உப்பு எஞ்சினுக்குள் படிந்தால் வெப்பம் வெளியேறாது. அலசுவதற்குக் கிடைத்த தண்ணீரைப் பயன்படுத்தலாம், ஆனால் கடைசி அலசலும் கூலன்ட் கலப்பதும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில்தான். எனக்கு 40 லிட்டர் பிடித்தது.

இரண்டாவது பொறியில் நானே விழுந்தேன். எவ்வளவு வடித்தாலும் கடைசி அலசல் நீரில் சில லிட்டர் பிளாக்கின் மூலைகளில் தங்கிவிடும். பாதிக்குப் பாதி கலந்து வைத்த கூலன்ட்டை அதன்மேல் ஊற்றினால் மொத்தத்தில் கலவை நீர்த்துப்போகும். ஆகவே கொள்ளளவில் சரிபாதி, எனக்கு 11 லிட்டர், அடர் கூலன்ட்டை முதலில் ஊற்றிவிட்டு, பிறகு டேங்க் நிறையும்வரை டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள். கூலன்ட்டின் வகையை வண்டியின் கையேட்டில் பாருங்கள், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு, மறுநாள் காலை அளவு பார்த்து மீண்டும் நிரப்புங்கள். முதல் நாள் ஒரு லிட்டர் குறைவது இயல்பு.

10. செலவும் நாளும்

என் செலவைச் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு மாறும். பள்ளிகொண்டாவிலிருந்து இழுத்து வர 4,500 ரூபாய். ஆயில் கூலர் 6,800, அதன் கேஸ்கெட்டும் ஓ ரிங்கும் 900. ரேடியேட்டர் பிரித்துக் கம்பி விட 3,500. ஹோஸும் கிளிப்பும் 3,200. தெர்மோஸ்டாட்டும் மூடியும் 1,900. நான்கு லிட்டர் கிளீனர் 2,400. ஆயிலும் ஃபில்டரும் 6,000. கூலன்ட் 3,600, டிஸ்டில்டு வாட்டர் 800, கூலி 7,500. ஆக 41,100. இதற்கு முன் வீணாகக் கழுவியதற்கு 11,000 தனியாகப் போயிருந்தது.

கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசுங்கள். 'படலம் தெரியாமல் தம்ளர் தெளியும்வரை' என்று சொல்லிப் பேசினால், எத்தனை சுற்று என்ற சண்டை வராது. பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. பில்லும், பில்லில் பாக எண்ணும் கேட்டு வாங்குங்கள். ஆயில் கூலர் மூன்று மாதத்தில் மறுபடி கசிந்தால் கடைக்காரரிடம் காட்ட அதுதான் சான்று. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிப் பையில் கட்டி வையுங்கள்.

சோதனைக்கு ஒரு நாள், பாகம் வந்து பொருத்த இரண்டு நாள் (ரேடியேட்டர் வேலையும் இதற்குள் முடியும்), கழுவ இரண்டு நாள், நிரப்பி ஓட்டிப் பார்க்க ஒரு நாள். ஆறு நாளுக்குக் குறைவாக யாரிடமும் சரக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

11. பிறகு கவனிக்க வேண்டியது

முதலில் காலியாக ஓட்டுங்கள். பிறகு சுமையோடு ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். நான் பேரணாம்பட்டைத் தாண்டி வி.கோட்டா போகும் மலைப்பாதையில் அரைச் சுமையோடு ஏற்றினேன். முள் நடுவிலேயே நின்றது.

ஒரு வாரம் தினமும் காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன், டேங்க் மூடியைத் திறந்து வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை மேற்பரப்பில் தொட்டு எடுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் மெல்லிய எண்ணெய்க் கறை வருவது மூலைகளில் தங்கியிருந்த மிச்சம்தான். துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், நாளுக்கு நாள் குறையும். எனக்கு ஒன்பதாம் நாள் காகிதம் வெறும் ஈரத்தோடு வந்தது. அப்படிக் குறையாமல், 1,000 கிலோமீட்டருக்குப் பிறகும் கறை தடித்துக்கொண்டே போனால், மறுபடி கழுவாதீர்கள். வண்டியை நிறுத்தி மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள், இன்னொரு ஓட்டை இருக்கிறது.